வியாழன் என்றால் வியாழன்

தொடர்கதை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அனுப்பும் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதி வருகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆளுக்கொரு வேடத்தில்: இணையத்தில் தொடர் எழுதினால் அத்தியாயங்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளியிடுவது? ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். எழுத்துப் பிழைகளைத் தவிர்ப்பது எப்படி என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும். பிழைகள் எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: அம்மா, வணக்கம். பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவில் மர்மத் தொடர் எழுதுகிறேன். முதல் 9 அத்தியாயங்களைத் தினம் ஒன்றாகப் பதிவேற்றினேன். நல்ல வரவேற்பு. 10-வது அத்தியாயத்துக்கு நான்கு நாள் ஆனது. 11-வது பாதியில் கிடக்கிறது. 'யூடி எங்கே?' (அப்டேட், அதாவது அடுத்த அத்தியாயம்) என்று கேட்டு நச்சரிக்கிறார்கள். தினம் ஒன்று போட்டால்தான் வாசகர்கள் நிற்பார்கள் என்கிறார் ஒரு நண்பர். வாரம் ஒன்று போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: இரண்டு நண்பர்களும் வாசகர்களைப் பற்றியே பேசுகிறார்கள். எழுதப்போகிற உங்களைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. கணக்கு எழுதுகிறவர் நீங்கள். வரவு என்ன என்று பார்க்காமல் செலவுக்கு எப்படித் தேதி குறித்தீர்கள்?

முதல் 9 அத்தியாயங்களை எழுத எவ்வளவு காலம் பிடித்தது என்று நீங்கள் சொல்லவில்லை. நானே ஊகிக்கிறேன். இரண்டு மூன்று மாதமாவது கதை மனத்தில் ஊறியிருக்கும். பாதிக்கு மேல் எழுதியும் வைத்திருப்பீர்கள். அந்தச் சேமிப்பை ஒன்பதே நாளில் கரைத்துவிட்டு, பத்தாம் நாள் காலிப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். வாசகர்களுக்கு இது தெரியாது. இவர் தினம் ஓர் அத்தியாயம் எழுதக்கூடியவர் என்று நம்பிவிட்டார்கள். நம்ப வைத்தது நீங்கள்தான்.

என்னிடம் ஒரு நீளமான நோட்டு இருக்கிறது. மூன்று பத்திகள்: தேதி, எழுதிய சொற்கள், காரணம். மூன்றாவது பத்திதான் முக்கியம். 'காய்ச்சல்', 'விருந்தினர்', 'மின்சாரம் இல்லை', 'வில்லனுக்கு ஏன் கோபம் என்று தெரியவில்லை' என்றெல்லாம் அதில் இருக்கும். போன வருடத்தில் ஒரு நான்கு வாரக் கணக்கை அப்படியே தருகிறேன். முதல் வாரம் 4,100 சொற்கள். இரண்டாவது வாரம் 2,900. மூன்றாவது வாரம் 600. நான்காவது வாரம் 3,400. ஆக மொத்தம் 11,000. வாரத்துக்குச் சராசரி 2,750.

என் அத்தியாயம் சுமார் 1,500 சொற்கள். சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் வாரம் இரண்டு அத்தியாயம் கிட்டத்தட்டக் கட்டுப்படியாகும் என்று தோன்றும். இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். எழுதிய 11,000 சொற்களில் மூன்றில் ஒரு பங்கு திருத்தும்போது போய்விடும். மிஞ்சுவது ஏழாயிரத்துச் சொச்சம். நான்கு வாரத்துக்கு ஐந்து அத்தியாயம்கூடத் தேறாது. மூன்றாவது வாரத்தில் கையில் இருந்தது 600 சொல். அந்த வாரமும் வாசகர் வந்து பார்ப்பார். ஆகவே நான் வாரம் ஒன்றுதான் போடுகிறேன், வியாழக்கிழமைகளில். நல்ல வாரத்தில் எழுதியது கெட்ட வாரத்துக்குச் சாப்பாடு.

நீங்களும் நான்கு வாரம் இப்படி எழுதி வையுங்கள். அந்த நான்கு வாரமும் எதையும் பதிவேற்ற வேண்டாம். பிறகு நோட்டில் மிக மோசமான வாரத்தைப் பாருங்கள். அந்த வாரத்தையும் தாண்டிக் கொண்டுபோக எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். என் வழக்கம் 8 அத்தியாயங்கள். கையிருப்பு ஐந்துக்குக் கீழே இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

தினம் ஒன்று என்ற பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. சீன இணைய நாவல் உலகம் முழுக்க அதில்தான் நடக்கிறது. அங்கே பெரிய தளங்களில் ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று வாசகர் கட்டணம் கட்டிப் படிக்கிறார். ஒரு நாளும் தவறாமல் குறிப்பிட்ட அளவு எழுதிப் போடுகிறவருக்குத் தளங்களே முழு வருகை ஊக்கத்தொகை கொடுப்பதுண்டு, பள்ளிக்கூடத்தில் லீவு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதுபோல. தினம் எழுதுவதுதான் அவர்களுக்குச் சம்பளம். அதற்கேற்றாற்போல் கதையின் நடையும் மாறியிருக்கிறது: படிப்படியாகப் பலம் கூடும் நாயகன், முடிவில்லாமல் நீளும் போட்டிகள், நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள். உங்களுடையது மர்மக் கதை. 4-ஆம் அத்தியாயத்தில் மேசைமேல் வைத்த சாவி 30-ஆம் அத்தியாயத்தில் பூட்டைத் திறக்க வேண்டும். தினம் எழுதிக்கொண்டே போனால் சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்துவிடும்.

எனக்கு மறந்திருக்கிறது. இணையத்துக்கு வந்த புதிதில், அச்சில் பதினோரு வருடம் எழுதிய திமிரில், நானும் தினம் ஒன்று என்று அறிவித்தேன். மாதக்கணக்கில் சேர்த்து வைத்த கையிருப்பு 23 நாளில் தீர்ந்தது. அதன் பிறகு அன்றன்றைக்கு எழுதி அன்றன்றைக்கே போட்டேன். 31-ஆம் அத்தியாயத்தில் கதாநாயகிக்கு ஒரு நல்ல யோசனை தேவைப்பட்டது. தாத்தா தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். அருமையான உரையாடல், இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். அரை மணி நேரத்தில் ஒரு வாசகி மிகுந்த மரியாதையோடு எழுதினார்: 'தாத்தாவை 19-ஆம் அத்தியாயத்தில் தகனம் செய்துவிட்டோமே, அம்மா?'

'செய்துவிட்டோமே' என்றார், கவனியுங்கள். அவரும் அந்தச் சுடுகாட்டுக்கு வந்திருந்தார். நான்தான் மறந்துவிட்டேன்.

வேகமாக எழுதி ஜெயித்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். வைல்ட்போ என்ற புனைபெயரில் எழுதும் கனடாக்காரர், 'வொர்ம்' என்ற தொடரை 2011 ஜூனிலிருந்து 2013 நவம்பர் வரை இணையத்தில் எழுதினார். செவ்வாயும் சனியும் அத்தியாய நாள்கள். வாசகர்கள் நன்கொடை சேர்த்தால் இடையில் வியாழனன்றும் ஒன்று உண்டு. முடியும்போது மொத்தம் 16 லட்சம் சொற்களைத் தாண்டியிருந்தது. அந்த மாதிரிக் கை உங்களுக்கும் இருக்கலாம். இருந்தால் நான்கு வார நோட்டு அதையும் சொல்லிவிடும்.

உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று. 11-ஆம் அத்தியாயத்தை அவசரமாக முடித்துப் போடாதீர்கள். நான்கு வரியில் ஓர் அறிவிப்பு போடுங்கள்: தொடர் ஒரு மாதம் நிற்கிறது, இன்ன தேதியில் திரும்ப வருகிறது, அதன் பிறகு வாரந்தோறும் இன்ன கிழமை. காரணத்தை நீட்டி முழக்க வேண்டாம். தேதியைப் போட்டுவிட்டால் பாதிப் பேர் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். மீதிப் பாதி எப்படியும் கேட்கும்.

கேள்வி: வாரம் மூன்று அத்தியாயம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றாகக் குறைத்தேன். பார்வைகள் சரிந்துவிட்டன. நீளமான ஓர் அத்தியாயத்தை மூன்றாக வெட்டி மூன்று நாளில் போட்டால் என்ன, அக்கா?

பதில்: பார்வைகள் சரிந்ததற்கு ஒரு பகுதிக் காரணம் வெறும் எந்திரம். பல தளங்களில் புதிதாகப் பதிவேற்றியவை என்று ஒரு பட்டியல் இருக்கும். அத்தியாயம் போட்டதும் உங்கள் கதை அதன் தலையில் ஏறும். மற்றவர்கள் போடப் போடக் கீழே இறங்கும். வாரம் மூன்று முறை ஏறியவர் இப்போது ஒருமுறை ஏறுகிறீர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் குறைந்திருப்பார்கள். உங்களுக்காகவே வருகிறவர்கள் குறைந்தார்களா என்பது வேறு கணக்கு. புதிய அத்தியாயம் வந்த இரண்டு நாளுக்குள் எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்று மட்டும் பாருங்கள். பழைய மூன்று அத்தியாயத்தின் மொத்தப் பார்வையோடு புதிய ஒன்றை ஒப்பிடுவது நியாயமில்லை, தங்கையே.

சரி, வெட்டலாமா? வெட்டலாம். எங்கே வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பெண் தன் அண்ணன் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள். இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. படியேறுகிறாள். அழைப்பு மணியை அழுத்துகிறாள். 'தொடரும்' என்று இங்கே போடத்தான் கை துடிக்கும். போடாதீர்கள். இதுவரை என்ன நடந்தது? ஒருத்தி மாடி ஏறினாள், அவ்வளவுதான். வாசகர் ஒரு வாரம் காத்திருந்து மாடிப்படியைப் படித்திருக்கிறார்.

இன்னும் ஆறு வரி போங்கள். கதவு திறக்கிறது. திறந்தவர் அண்ணன் இல்லை, யாரோ ஓர் அந்நியர். அண்ணன் வெளியூர் போயிருக்கிறார் என்கிறார். அவர் கை கதவின் விளிம்பில் இருக்கிறது. மணிக்கட்டில் கண்ணாடி கீறிய ஒரு கடிகாரம். அந்தக் கீறல் எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் கடிகாரத்தைக் கீழே போட்டது அவள்தான். சாவியைக் கைப்பைக்குள்ளேயே விட்டுவிட்டு, 'சரி, பிறகு வருகிறேன்' என்கிறாள்.

இங்கே நிறுத்துங்கள். அவள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள்: சாவியைக் கொடுக்கவில்லை. வாசகர் கையில் ஒரு வாரத்துக்கு யோசிக்க ஏதோ இருக்கிறது. தினம் போடுகிற அத்தியாயம் மணி அடிப்பதோடு நின்றால்கூட மன்னித்துவிடுவார்கள், மறுநாள் காலையில் கதவு திறந்துவிடும். வாரம் ஒருமுறை போடுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இடைவெளி நீள நீள அத்தியாயத்துக்குள் நடப்பது கூட வேண்டும்.

ஆகவே நீளமான அத்தியாயத்தில் இப்படி மூன்று இடம் இருந்தால் மூன்றாக வெட்டுங்கள். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது ஓர் அத்தியாயம், முழுசாகப் போடுங்கள். சொல் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து வெட்டுவது தையற்காரர் வேலைகூட ஆகாது. அவர்களாவது தோள் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் கத்தரி வைப்பார்கள்.

இடைவெளி மாறினால் கதையின் கட்டுமானமே மாறும் என்பதற்குப் பெரிய சாட்சி சார்லஸ் டிக்கன்ஸ். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை 20 மாதப் பகுதிகளாக எழுதத்தான் முதலில் எண்ணியிருந்தார். அவர் நடத்திய வாரப் பத்திரிகையில் அப்போது வேறொருவரின் தொடர் ஓடிக்கொண்டிருந்தது, விற்பனை இறங்கியது. தன் நாவலை இழுத்துவந்து அங்கே போட்டார். 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை, 36 வாரங்கள். மாதப் பகுதியில் கிளைக்கதைகளுக்கு இடம் உண்டு. வாரப் பகுதியில் அந்தச் சொகுசு இல்லை. அந்த நாவல் அவருடைய மற்றப் பெரிய நாவல்களைவிட ஒல்லியாக, கச்சிதமாக இருப்பதற்கு அந்த வாரக் கெடுவுக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

கேள்வி: எந்த நேரத்தில் பதிவேற்றினால் அதிகம் பேர் படிப்பார்கள்? காலையா, இரவா?

பதில்: எந்த நேரமானாலும் சரி, அதே நேரம். நான் இரவு 8 மணிக்குப் போடுகிறேன். முன்பு நள்ளிரவில் போட்டுக்கொண்டிருந்தேன். விடிந்து பார்த்தால் 3-ஆம் பத்தி இரண்டு முறை ஒட்டியிருக்கும், ஆறு மணி நேரமாக எல்லோரும் அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். போட்ட பிறகு ஒரு மணி நேரமாவது விழித்திருக்கும் நேரமாகப் பாருங்கள். நேரம் குறித்து வைத்தால் தானாகவே வெளியிடும் வசதி உங்கள் தளத்தில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். 'இன்னும் ஒருமுறை திருத்திவிட்டுப் போடுகிறேன்' என்று இழுக்கும் நோய்க்கு அதைவிட நல்ல மருந்தில்லை.

கேள்வி: நான் செவிலியர். பணி நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். எந்த நாள் ஓய்வு என்று எனக்கே முந்தின வாரம்தான் தெரியும். கிழமை சொல்லி எழுத முடியாது. அப்படியானால் நான் தொடர் எழுதவே கூடாதா?

பதில்: யார் சொன்னது? கிழமை சொல்ல முடியாதவர்களுக்கு என்றே ஒரு வடிவம் இருக்கிறது. ஆர்தர் கானன் டாயில் அதை யோசித்து எடுத்தார். பத்திரிகைத் தொடர்களில் ஓர் இதழைத் தவறவிட்ட வாசகர் அதன் பிறகு கதையையே விட்டுவிடுகிறார் என்று அவருக்குப் பட்டது. ஆகவே அதே ஆள்கள், ஒவ்வோர் இதழிலும் முழுதாக முடிகிற ஒரு கதை. 1891 ஜூலையில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் அப்படித்தான் தொடங்கின. ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததைப் படிக்கலாம்.

அவர் வாசகர் தவறவிடுவதை நினைத்துச் செய்தார். நீங்கள் எழுத்தாளர் தவறவிடுவதை நினைத்துச் செய்யுங்கள். ஒரே வார்டு, அதே நான்கைந்து பேர், ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஓர் இரவுப் பணி தொடங்கி விடிவதற்குள் ஒரு விஷயம் முடிந்துவிடும். அடுத்தது பத்து நாளில் வந்தாலும் இருபது நாளில் வந்தாலும் யாரும் தொங்கலில் நிற்க மாட்டார்கள். கூடவே மெல்ல நகரும் ஒரு நூலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; யாரோ ஒருவருக்கு இடமாற்றம் வரப்போகிறது என்பதுபோல. அது அவசரப்படாது. நோயாளிகளை அடையாளம் தெரியும்படி எழுதிவிடாதீர்கள், இது சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: முழுக் கதையையும் எழுதி முடித்துவிட்டு அதன் பிறகு தொடராக வெளியிடுவதுதானே புத்திசாலித்தனம்? நீங்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை?

பதில்: புத்திசாலித்தனம்தான். ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரல்லப் அந்தக் கட்சி. கடிகாரத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதியவர் அவர். நாவல் முடியாமல் அதில் ஒரு பகுதியும் அச்சுக்குப் போகக் கூடாது என்பது அவர் கொள்கை; முடிவுக்கு ஏற்பத் தொடக்கத்தைத் திருத்தும் உரிமை எழுத்தாளரிடம் கடைசிவரை இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கொள்கையை அவரே மீறினார். 1860 ஜனவரியில் 'கார்ன்ஹில்' என்ற புதிய பத்திரிகை வரவிருந்தது, அவசரமாகக் கதை கேட்டார்கள், ஆசை யாரை விட்டது? ரயிலில் உட்கார்ந்தபடியே முதல் பக்கங்களை எழுதினார். அந்தத் தொடர் அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. கொள்கை உள்ளவர்களுக்கு இப்படித்தான் நடக்கும்.

நான் ஏன் செய்வதில்லை? கூட வருகிறவர்கள் இல்லாவிட்டால் எனக்குக் கதை நகராது. அது பலவீனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தால் கதைக்கே லாபம் வந்ததும் உண்டு. ஆண்டி வீயர் 'தி மார்ஷியன்' நாவலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகத்தான் வெளியிட்டார். செவ்வாய்க் கிரகத்தில் தனியாகச் சிக்கிய ஒருவன் வேதியியலை வைத்து உயிர் பிழைக்கிற கதை. படித்தவர்களில் அறிவியல் தெரிந்தவர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள், அவர் திருத்தினார். புத்தகமாக வருவதற்கு முன்பே கதைக்கு அத்தனை மெய்ப்பு பார்ப்பவர்கள். என் தாத்தாவைத் தகனம் செய்ததை நினைவில் வைத்திருந்த வாசகியும் அந்த ரகம்.

நடுவழி ஒன்று சொல்கிறேன். முடிவை எழுதிவிடுங்கள். கடைசி அத்தியாயம் மட்டும், கரடுமுரடாக. பிறகு ஒரு கால் பங்கு கதையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தவருக்கு வாரம் ஓர் அத்தியாயம் பாரமில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை ஆண்டுக்கு மேல் 'கல்கி' வார இதழில் வந்தது. அவ்வளவு நீளத்துக்கு அத்தனை பாத்திரங்களைக் கலைந்துபோகாமல் ஓட்டிக்கொண்டு போகக் கல்கிக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. வரலாறு அவருக்குப் பிடியாக நின்றது. உங்கள் கதைக்கு வரலாறு கிடையாது. கடைசி அத்தியாயத்தை நீங்கள்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் எழுதுகிறவள் இல்லை, படிக்கிறவள். எனக்குப் பிடித்த ஒரு தொடர் திடீரென்று நின்றுவிட்டது. அடுத்த அத்தியாயம் எப்போது என்று கேட்டால் எழுத்தாளர்களுக்குத் தொல்லையா? கேட்காமல் இருந்தால் மறந்துவிட்டோம் என்று நினைப்பார்களா?

பதில்: இந்தக் கடிதத்தை முதலில் வைத்திருக்க வேண்டும். கடைசியில் வைத்துவிட்டேன்.

நின்றவர் பெரும்பாலும் திமிரில் நிற்பதில்லை. டிக்கன்ஸுக்கு 25 வயதில் ஒரே நேரத்தில் இரண்டு மாதத் தொடர்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1837 மே மாதம் அவருடைய மைத்துனி, 17 வயதுப் பெண், அவர் வீட்டிலேயே திடீரென்று இறந்துபோனாள். ஜூன் மாதம் இரண்டு தொடரும் வரவில்லை. அச்சகத்துக்குக் கெடு தவறாதவர் என்று பெயர் எடுத்தவர் நிறுத்தினார். அடுத்த பகுதி வந்தபோது ஏன் வரவில்லை என்று வாசகர்களுக்கு ஒரு குறிப்பும் போட்டார்.

நான் அந்தக் குறிப்பைப் போடவில்லை. சில வருடங்களுக்கு முன் என் வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருந்தார். 40-ஆம் அத்தியாயத்தோடு தொடர் நின்றது. ஐந்து வியாழக்கிழமைகள். ஒரு வரி எழுதியிருக்கலாம். கைபேசி கையில்தான் இருந்தது, மருத்துவமனை வராந்தாவில் வேறு வேலையும் இல்லை. வெட்கம். முதல் வாரம் சொல்லாமல் விட்டதால் இரண்டாம் வாரம் சொல்ல முடியவில்லை, இரண்டாம் வாரம் விட்டதால் மூன்றாம் வாரம் தளத்தைத் திறக்கவே பயம். கையிருப்பு மூன்று அத்தியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போட்டிருக்கலாம். போட மனம் வரவில்லை.

ஒருநாள் திறந்தேன். நிறையப் பேர் 'எங்கே?' என்று கேட்டிருந்தார்கள், சிலர் கோபமாக. கோபப்பட்டவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கதையில் ஒரு குழந்தையைக் கிணற்றடியில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவற்றுக்கு நடுவே ஒருவர் ஐந்து வரிகள் எழுதியிருந்தார், வியாழனுக்கு ஒன்றாக. ஐந்தும் ஒரே வாசகம்: 'இன்றும் வந்து பார்த்தேன்.' கேள்விக்குறி இல்லை. அவசரம் இல்லை. எட்டு மணி ஐந்து நிமிடம், எட்டு மணி மூன்று நிமிடம் என்று நேரம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே.

ஆகவே கேளுங்கள். ஒருமுறை கேளுங்கள், தினமும் கேட்காதீர்கள். 'எப்போது?' என்று கேட்பதைவிட எந்த அத்தியாயத்தில் நிற்கிறீர்கள், யாருக்கு என்ன ஆனது என்று தெரியாமல் தவிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எழுதுகிறவருக்குக் கதை மறந்திருந்தால்கூட அதைப் படித்ததும் திரும்ப வந்துவிடும். எனக்குக் கிணற்றடிக் குழந்தையை யாரோ அப்படித்தான் நினைவுபடுத்தினார்கள்.

ஆறாவது வியாழன், இரவு 8 மணிக்கு 41-ஆம் அத்தியாயத்தைப் பதிவேற்றினேன். மேலே மூன்று வரி மன்னிப்பு. எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அதே வாசகரிடமிருந்து ஒரு வரி வந்தது. கண் கலங்கத் தயாராகத்தான் திறந்தேன்.

'இரண்டாம் பத்தியில் கிணறு என்பது கினறு என்று இருக்கிறது' என்று எழுதியிருந்தார்.